ஹாங்க் தாம்சனைக் காலால் கேட்பது எப்படி

டெக்சஸில் முதல் தடவை ஒரு நடன மண்டபத்துக்குப் போன அன்று, மேடைக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சபா புத்தி. முன்னால் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, இந்த ஊர்க்காரர்களுக்கு ரசனையே கிடையாது போலிருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். பாட்டு ஆரம்பித்துப் பத்து நொடிக்குள் என்னைச் சுற்றி இருபது ஜோடிகள் சுழலத் தொடங்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தது ஆடுதளத்தின் நடுவில். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள், தன் ஜோடியின் கையை விடாமலேயே என் பக்கம் குனிந்து, "கண்ணு, அந்த நாற்காலி யார் முட்டியையாவது பெயர்த்துவிடும்" என்று சொல்லிவிட்டு, தாளம் தப்பாமல் நகர்ந்து போய்விட்டார்.

அன்று இரவு அந்தக் குழு வாசித்ததில் மூன்று நான்கு பாட்டுகள் ஹாங்க் தாம்சன் என்ற அமெரிக்க கன்ட்ரி பாடகருடையவை என்று பின்னால்தான் தெரிந்தது. இப்போது நானும் அந்தத் தளத்தில் ஆடுகிறேன், சுமாராக. ஊரிலிருந்து வரும் நண்பர்கள் என் காரில் ஓடும் பாட்டைக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, இதில் என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய அறுபது வருட வாழ்க்கையை அவருடைய இசைத்தட்டுகள் வழியாகவே பின்தொடருங்கள். கேட்கும்போது காதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, காலை முன்னால் அனுப்புங்கள்.

ஏன் தாம்சன்? கன்ட்ரி இசையில் ஹாங்கி-டாங்க் (மதுக்கடைப் பாட்டு), வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த ஆட்ட இசை) என்ற இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் அவர். ஒரு பக்கம் காது வைத்தால் இன்னொரு பக்கமும் கேட்கும். இன்னொரு வசதி, அவருடைய நல்ல பதிவுகளில் பெரும்பங்கு ஒரே கம்பெனியில், கேபிடலில், 1947 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை வந்தவை. தேடி அலைய வேண்டியதில்லை.

முதலில் சோபாவை நகர்த்துங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்தடி இடம் வேண்டும்.

தாம்சனின் 'எ சிக்ஸ் பேக் டு கோ' என்ற 1960-ஆம் ஆண்டுப் பாட்டைப் போடுங்கள். வார்த்தையைக் கவனிக்காதீர்கள். அடியில் பாஸ் (கனத்த கீழ்ச்சுரம்) எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பாஸ். இரண்டிலும் நான்கிலும் 'சக்' என்று வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அந்த வெட்டு பெரும்பாலும் ரிதம் கிட்டார் அல்லது டிரம். நம் மிருதங்கக் காதுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வேலையும் இம்மி நகராமல் நாலு மணி நேரம் நடக்க வேண்டும், ஏனென்றால் அதன் மேல் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது நடங்கள். டெக்சஸ் டூ-ஸ்டெப் என்பது நடைதான்: வேகம், வேகம், மெதுவாக, மெதுவாக. சொல்கட்டாகச் சொன்னால் 'த க தா தா'. 'த', 'க' இரண்டுக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை, 'தா' ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஆக, அடி ஆறு எண்ணிக்கை. பாட்டோ நான்கு நான்காகப் போகிறது. கால் ஆறில், பாட்டு நான்கில், இரண்டும் பன்னிரண்டாவது எண்ணிக்கையில் ஒன்று சேர்ந்து மறுபடி பிரியும். இதை நான் கண்டுபிடித்த அன்று, சமையலறையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஆடி, என் மனைவியைப் பயமுறுத்தினேன். ஆடுகிறவர்கள் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்துவிட்டால், 'எல்லாம் ஒரே மாதிரி' என்ற புகார் அன்றோடு சரி.

பத்து நிமிடம் நடந்த பிறகு உட்காரலாம். இனி அந்த ஆளின் கதை.

மாவுக் கம்பெனிகளின் தயவில்

ஹென்றி வில்லியம் தாம்சன் 1925 செப்டம்பர் 3 அன்று டெக்சஸின் வேக்கோ என்ற ஊரில் பிறந்தார். ஊரின் நடுவே பிராசோஸ் ஆறு ஓடுகிறது. பின்னாளில் அவர் குழுவுக்கு 'பிராசோஸ் வேலி பாய்ஸ்' என்று பெயர் வந்தது அதனால்தான். முதலில் மவுத் ஆர்கன், பிறகு கிட்டார். பள்ளி முடிப்பதற்குள் உள்ளூர் வானொலியில் 'ஹாங்க் தி ஹயர்ட் ஹேண்ட்' ஆகிவிட்டார். பண்ணையாள் ஹாங்க் என்று வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தது ஒரு மாவுக் கம்பெனி.

இந்த மாவு ஏதோ தற்செயல் இல்லை. 1931-இல் ஃபோர்ட் வொர்த்தில் பர்ரஸ் மில் என்ற மாவு ஆலை தன் மாவை விற்க வானொலியில் ஒரு குழுவைப் பாடவைத்தது: லைட் கிரஸ்ட் டோபாய்ஸ். அதில் இருந்த இரண்டு பேர், பிடில்காரர் பாப் வில்சும் பாடகர் மில்டன் பிரவுனும். வெஸ்டர்ன் ஸ்விங்கின் இரு கிளைகளும் அங்கிருந்துதான் பிரிகின்றன. பிரவுன் 1932-இல் வெளியேறி 'மியூசிகல் பிரவுனீஸ்' என்ற குழுவை அமைத்தார். 1936-இல் கார் விபத்தில் அடிபட்டு, 32 வயதில் போய்விட்டார். வில்ஸ் 1933-இல் வெளியேறி, முதலில் கடை விரித்த ஊர் எது தெரியுமா? வேக்கோ. தாம்சனுக்கு அப்போது எட்டு வயது. அடுத்த வருடமே வில்ஸ் ஓக்லஹோமாவின் டல்சாவுக்குப் போய்விட்டார். கேவூ வானொலி, கெய்ன்ஸ் பால்ரூம் என்று அவர் கொடி பறந்தது அங்கேதான்.

தாம்சனுக்குப் போகும் முன் வில்சைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். ஒரு மாலை போதும். 1936-இல் வந்த 'ஸ்டீல் கிட்டார் ராக்', 1940-இல் வந்த 'நியூ சான் அன்டோனியோ ரோஸ்', இந்த இரண்டும், 1946, 47-இல் வானொலி நிலையங்களுக்காகப் பதிவுசெய்த டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ் தொகுப்பில் சிலவும். வில்ஸ் நடுநடுவே 'ஆ-ஹா!' என்று கீச்சுக்குரலில் கத்துவார். வாசிக்கப்போகிறவரைப் பெயர் சொல்லி அழைப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, பாகவதர் பக்கவாத்தியக்காரரைப் பார்த்து 'பலே' சொல்வதும் இதுதானே. யார் எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மேடையிலேயே தீர்மானிக்கும் ஒரு குழு. அந்தத் தனி வாசிப்புக்கு அவர்கள் 'டேக்-ஆஃப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். விமானம் கிளம்புகிற மாதிரி.

வில்ஸ் 1935 வாக்கிலேயே டிரம் சேர்த்துக்கொண்டவர். நாஷ்வில்லின் பேர்போன கன்ட்ரி இசை மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியில் டிரம்முக்கு இடம் கிடையாது என்றிருந்த காலத்தில், 1944 டிசம்பரில், தன் டிரம்காரரையும் கூட்டிக்கொண்டுதான் ஏறினார். ஓப்ரியில் வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். டல்சாவில் வந்தவர்கள் ஆடினார்கள். உட்கார்ந்திருப்பவனுக்கு டிரம் எதற்கு? மொத்தச் சண்டையும் அதுதான்.

சத்தம் என்ற பிரச்சினை

இனி இன்னொரு வீடு. 1930-இல் கிழக்கு டெக்சஸில் எண்ணெய் கிடைத்தது. 1933-இல் மதுவிலக்கு நீங்கியது. கையில் சம்பளத்தோடு களைத்துவந்த ஆட்கள், ஊர் எல்லையில் பலகைக் கொட்டகைகள், உள்ளே பீர். அந்தக் கொட்டகைக்குப் பெயர்தான் ஹாங்கி-டாங்க். குழுவை வைத்துக் கட்டுப்படியாகாத இடத்தில் ஒரு ஜூக்பாக்ஸ்: காசைப் போட்டால் மூன்று நிமிடம் பாடும்.

இதில் ஒரு சிக்கல். சனிக்கிழமை இரவுக் கூச்சலில் ஜூக்பாக்ஸ் யாருக்கும் கேட்காது. எர்னஸ்ட் டப் என்ற டெக்சஸ்காரரிடம் ஜூக்பாக்ஸ் வியாபாரி ஒருவர் இதையே குறையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கூட்டம் சேர்ந்துவிட்டால் உங்கள் பாட்டு காதில் விழவில்லையே என்று. டப் 1941-இல் பதிவுசெய்த 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ'வில் மின்கிட்டார் தூக்கலாக நிற்கும். போட்டுப் பாருங்கள், ஜாலம் எதுவும் இல்லாமல், ஒரு சுரத்துக்கு ஒரு சுரம், மணி அடிக்கிற மாதிரி வாசிப்பு. சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வர அது போதும். டப்பின் குரலும் அப்படியே: அலங்காரம் இல்லை, சுருதியும் சில இடங்களில் ஐயோ பாவம். ஆனால் ஒரு சொல்கூடத் தொலையாது.

ஹாங்கி-டாங்க் பாட்டின் சொல் என்பது பெரும்பாலும் குடி, பிரிவு, ஏமாற்றம், குற்ற உணர்ச்சி. அழுகிற பாட்டுக்கு ஆடுகிறார்களே என்று முதலில் விசித்திரமாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால், நம் ஊரில் ஒப்பாரிக்கும் பறை உண்டு.

பொறியாளர் திரும்பி வருகிறார்

தாம்சன் 1943-இல் கடற்படைக்குப் போனார். வானொலித் தொழில்நுட்பப் பிரிவு. கடற்படை வழியாகவே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் படித்தார். 1946-இல் அந்த வேலைக்குப் போகாமல் வேக்கோவுக்குத் திரும்பி, மத்தியான வானொலி நிகழ்ச்சியில் பாட உட்கார்ந்தார். என்னை மாதிரி ஆட்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் தகவல். அதே வருடம் குளோப் என்ற சின்னக் கம்பெனியில் 'வோ செய்லர்' வந்தது. பாடகரும் நடிகருமான டெக்ஸ் ரிட்டர் அவரை கேபிடலிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1948-இல் 'ஹம்ப்டி டம்ப்டி ஹார்ட்' பெரிய வெற்றி.

இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. வில்சின் குழுவில் வாத்தியங்கள் முதலாளிகள், பாடகர் அவர்களில் ஒருவர். தாம்சனிடம் பாடகர்தான் முதலாளி. டேக்-ஆஃப் இருக்கிறது, ஆனால் சுருக்கம். இரண்டு பிடில்கள் சேர்ந்து நாலு வரி, ஸ்டீல் கிட்டார் நாலு வரி, அப்புறம் குரல் திரும்பிவிடும். வில்சின் ஆடுதளத்தை வைத்துக்கொண்டு, டப்பின் வார்த்தைகளை அதன் மேல் நிறுத்திவிட்டார். தாம்சனின் குரலும் அதற்கு ஏற்றது: அடித்தொண்டையில், அவசரமில்லாமல், கொஞ்சம் சிரித்துக்கொண்டே சோகம் சொல்லும் குரல்.

தூய வெஸ்டர்ன் ஸ்விங் ரசிகர்கள் இதில் ஜாஸ் குறைந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஒரே மெட்டில் நாலு பாட்டு

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் தங்குங்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கலாம்.

1952-இல் தாம்சனின் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' கன்ட்ரி பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் நின்றது. மதுக்கடை வெளிச்சத்துக்காக வீட்டை விட்டுப் போன பெண்ணை நினைத்துக் கணவன் புலம்பும் பாட்டு. ஹாங்கி-டாங்க் தேவதைகளைப் படைத்தது கடவுள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று என்று குத்துகிறான்.

நான்கு தட்டுகளை இந்த வரிசையில் கேளுங்கள். கார்ட்டர் குடும்பம் 1929-இல் பதிவுசெய்த 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்'. ராய் ஏகஃப் 1936-இல் பாடிய 'தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பர்ட்'. பிறகு தாம்சன். பிறகு கிட்டி வெல்ஸ் பாடிய பதில் பாட்டு. நான்குக்கும் ஒரே மெட்டு. முதலாவது காதல், இரண்டாவது பக்தி, மூன்றாவது புலம்பல், நாலாவது எதிர்வாதம்.

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சடித்திருப்பார்கள். படிப்பவர் தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றிக்கொள்வார். மெட்டு ஊர்ப் பொது. சொல்தான் புலவருடையது. டெக்சஸிலும் அப்படியே. தெரிந்த மெட்டு என்பதால் கால் உடனே ஒப்புக்கொண்டது. புதுச் சொல் என்பதால் காசு மறுபடி மறுபடி விழுந்தது.

கிட்டி வெல்சின் பாட்டைப் பற்றி ஒரு விஷயம். 'இட் வாஸ்ன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்று தலைப்பிலேயே பதில். கடவுள் மேல் பழி போடாதே, கல்யாணமான ஆண்கள் தனி ஆட்கள் மாதிரி திரிந்ததால் வந்த வினை என்கிறாள் அவள். அப்போது 32 வயது, பாட்டை விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தவர். பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலருக்காகத்தான் வந்ததாகச் சொன்னார். சில வானொலிகள் அந்தப் பாட்டைப் போட மறுத்தன. இருந்தும் அந்தக் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பெண் குரல் அவருடையது. தாம்சனின் பாட்டைத் தனியாகக் கேட்டு அவனுக்காக வருந்திவிடாதீர்கள். உடனே அவள் தரப்பையும் போடுங்கள். நான் ஆறு மாதம் ஒரு தரப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்குச் சரியான விளக்கம் கிடைத்த பிறகுதான் மாற்றிக்கொண்டேன்.

வழுக்கும் வாத்தியம்

ஸ்டீல் கிட்டாரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு 'ஹவாய்' என்று தோன்றும். வாத்தியம் வந்த வழி அதுதான். ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான உறவு சித்திரவீணை, அதாவது கோட்டுவாத்தியம். தந்தியை விரலால் அழுத்தாமல், ஒரு கட்டையை மேலே வைத்து வழுக்கி எடுக்கும் அதே வேலை. 1935 ஜனவரியில் மில்டன் பிரவுனின் குழுவில் பாப் டன் மின்சாரம் ஏற்றிய ஸ்டீலோடு பதிவு செய்தார். மின்கிட்டாரின் மிகப் பழைய தட்டுகளில் அவை சேர்த்தி.

ஸ்விங் ஸ்டீல்காரர்கள் விரும்பும் சுருதி அமைப்பு ஒன்றுக்கு 'சி சிக்ஸ்' என்று பெயர். அதில் தந்திகள் எவை என்று பார்த்தபோது நான் எழுந்தே விட்டேன்: ஸ, க, ப, த. மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் என்னவோ அதுவே. இந்த இசை ஏன் எந்த முன்னறிவும் இல்லாமல் நமக்கு இனிக்கிறது என்று எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான். இசை ஆய்வாளர்கள் அடிக்க வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பாட்டில் ஸ்டீல் வாசித்தவர் கர்லி சாக்கர். குரல் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் உள்ளே வருவார். குரல் திரும்பியதும் காணாமல் போய்விடுவார். ஒரு வாட்டி முழுப் பாட்டையும் அந்த இடைவெளிகளுக்காகவே கேளுங்கள். கச்சேரியில் பிடில்காரர் பாகவதரின் சங்கதியை வாங்கித் திருப்பிக் கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி. இரட்டைப் பிடிலைக் கேட்கும்போது வேறு வேலை: ஒருவர் 'ஸ ரி க' என்று போனால் மற்றவர் அதே நேரத்தில் 'க ம ப' என்று போவார். சிறுவயதில் ஒன்பது வருடம் வயலின் கற்றவன் நான். இரண்டாவது குரலைப் பிரித்துக் கேட்க எனக்கே ஒரு மாதம் ஆயிற்று. நின்றுகொண்டு வாசிக்க இன்னும் வரவில்லை. சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிப் பழகிய உடம்பு.

கேபிடல் பதிவுகள் பலவற்றில் மெர்ல் டிராவிஸ் என்ற கென்டக்கி கிட்டார்காரரும் உண்டு. கட்டைவிரல் பாஸ் போட, ஆள்காட்டி விரல் மெட்டுப் போடும். 1955-இல் தாம்சன் குழுவோடு அவர் வாசித்த 'வைல்ட்வுட் ஃப்ளவர்' பாடலே இல்லாத தட்டு. அதைப் போட்டுவிட்டுச் சமையல் பண்ணலாம்.

மேடைக்குப் பின்னால் இருந்த கணக்கு

1950-களில் தாம்சன் ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபெயர்ந்தார். வருடத்தில் பெரும்பகுதி சாலையில். இங்கேதான் பிரின்ஸ்டன் படிப்பு வேலைக்கு வருகிறது. போகிற மண்டபத்தில் என்ன ஒலிபெருக்கி கிடைக்கிறதோ அதை வைத்துச் சமாளிக்கும் காலத்தில், சொந்த ஒலி, ஒளி சாதனங்களைக் குழுவோடு ஊர் ஊராகக் கொண்டுபோனார். பயணத்துக்கு ஃபால்ஸ்டாஃப் பீர் கம்பெனியை ஆதரவாளராகப் பிடித்தார். மாவு போய் பீர் வந்தது. குடியைப் பற்றிப் பாடுகிறவருக்குப் பீர் கம்பெனி பணம் கொடுப்பது நியாயம்தானே! பில்போர்ட் பத்திரிகையின் சிறந்த வெஸ்டர்ன் குழுப் பட்டியலில் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து அவர் குழுதான்.

ஆள் பார்த்து எடுப்பதிலும் கெட்டி. ஓக்லஹோமா சிட்டி வானொலியில் பள்ளி மாணவி ஒருத்தி பாடுவதைக் கேட்டு, குழுவோடு பாடக் கூப்பிட்டார். அவர்தான் வாண்டா ஜாக்சன், பின்னால் ராக்கபிலியின் (கன்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் கலந்த இசை) ராணி. பாடகி ஜீன் ஷெப்பர்டை கேபிடலுக்குப் பரிந்துரைத்ததும் தாம்சன்தான்.

1961-இல் லாஸ் வேகஸின் கோல்டன் நகெட்டில் நேரடியாகப் பதிவான இசைத்தட்டு வந்தது. கன்ட்ரி இசையில் நேரடி மேடைத் தட்டுக்கு அது முன்னோடி. என் வழிகாட்டியில் இது நாலாவது வாரத்துக்கு உரியது. அதற்குள் பாஸ், வெட்டு, ஸ்டீல், இரட்டைப் பிடில் எல்லாம் காதுக்குப் பழகியிருக்கும். இப்போது அவை ஒரு சூதாட்டக்கூடக் கூச்சலுக்கு நடுவே எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்க்கலாம். எங்கே எப்படி வாசிக்க வேண்டும் என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

தாம்சன் தன் பெரிய வெற்றிகளைப் பின்னாளில் மறுபடி பதிவு செய்திருக்கிறார். அட்டையில் அதே தலைப்பு, அதே சிரிப்பு. ஒரு பழைய தட்டுக் கடையில் 14 டாலர் கொடுத்து வாங்கி, வீட்டில் போட்டுப் பார்த்தால், ஸ்டீல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ மெழுகுகிறது. கேட்டால் 'அதே பாட்டுதானே' என்றார் கடைக்காரர். வருடத்தையும் கேபிடல் பெயரையும் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் கேட்பவர்களுக்கு இது இன்னும் தொல்லை, ஏனென்றால் அங்கே போட்டிருக்கும் வருடம் தொகுப்பு வெளிவந்த வருடமாக இருக்கும். பைத்தியம் முற்றிவிட்டால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி கம்பெனி 12 குறுந்தகடுகளில் வெளியிட்ட பெட்டி இருக்கிறது. முற்றட்டும், அவசரமில்லை.

இரண்டாவது, எல்லாவற்றையும் ரசித்தாக வேண்டும் என்றில்லை. 1958-இல் வந்து நன்றாக விற்ற ஒரு பாட்டின் தலைப்பிலேயே பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் சொல் இருக்கிறது. நான் அதைத் தாண்டிவிடுவேன். கேபிடலை விட்ட பிறகு வந்த பதிவுகளில் பல எனக்குச் சுவைக்கவில்லை. 1968-இல் டாட் கம்பெனியில் வந்த 'ஆன் டாப், இன் த கேன், ஆர் இன் த பாட்டில்' மட்டும் விதிவிலக்கு.

மூன்றாவது, அவரை அவர் காலத்தவர்களோடு வைத்துக் கேளுங்கள். ரே பிரைஸின் 1956-ஆம் ஆண்டு 'கிரேசி ஆர்ம்ஸ்' போடுங்கள். பாஸ் ஒன்று, மூன்றோடு நிற்காமல் நான்கு எண்ணிக்கையிலும் நடந்துபோகும். அந்த நடைக்குப் பிறகு தாம்சனின் துள்ளல் தனியாகத் தெரியும்.

1989-இல் அவரை கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2000-இல் 'செவன் டெகேட்ஸ்' வந்தது. குரல் ஒரு படி இறங்கியிருக்கும், சிரிப்பு அப்படியே. கடைசி நிகழ்ச்சி 2007 அக்டோபர் 8, திங்கட்கிழமை, பிறந்த ஊரான வேக்கோவிலேயே. டெக்சஸ் ஆளுநர் அந்த நாளை ஹாங்க் தாம்சன் நாள் என்று அறிவித்தார். நவம்பர் 6 அன்று, 82 வயதில், நுரையீரல் புற்றுநோயால் கெல்லரில் இறந்தார். நான் 2006-இல் இங்கே வந்தவன். கெல்லர் என் வீட்டிலிருந்து இருபது நிமிடம், வேக்கோ ஒன்றரை மணி நேரம். அந்தத் திங்கட்கிழமை ஏதோ ஒரு கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அவர் பெயரே எனக்குத் தெரியாது.

கடைசியாக, மண்டபத்துக்குப் போகும்போது

டெக்சஸ் வந்தால் ஒரு இரவாவது ஒதுக்குங்கள். ஆஸ்டினில் 1964-இல் திறந்த புரோக்கன் ஸ்போக், நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கம் 1878-இல் கட்டிய கிரீன் ஹால், வடக்கே டல்சாவில் கெய்ன்ஸ் பால்ரூம். வெஸ்டர்ன் ஸ்விங் 2011 முதல் டெக்சஸின் அதிகாரபூர்வ மாநில இசை. ஆனால் சட்டம் போட்டு யாரும் ஆடவில்லை.

ரப்பர் அடி வைத்த விளையாட்டுக் காலணி வேண்டாம். தரையைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் திருகிவிடும். தோல் அடி உள்ளது வழுக்கும், அதுதான் வேண்டும். எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போவார்கள். நம் பிரதட்சிணத்துக்கு நேர் எதிர். முதல் நாள் கால் தானாக வலப்பக்கம் திரும்பும், கவனம். வேகமாகப் போகிறவர்கள் வெளிவட்டம், தடுமாறுகிறவர்கள் உள்வட்டம். மேடை ஓரம் ஒரு ஜாடி இருக்கும். குழுவுக்கு ஐந்து பத்து டாலராவது போடுங்கள். நாற்காலியை எங்கே போடுவது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

யாராவது ஆடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். நாற்காலியை ஓரத்துக்கு எடுத்துப்போன அன்று, அடுத்த பாட்டுக்கு அந்த அம்மாளே என் முன்னால் வந்து கையை நீட்டினார். எனக்கு ஆடத் தெரியாது என்றேன்.

"நடக்கத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.